லிக்னின் சிதைக்கும் பாக்டீரியா

மரத்துக்கும் வைக்கோலுக்கும் விறைப்பைத் தரும் லிக்னினை உடைத்து உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியா இவை. மண், ஆற்றுப்படுகை, கரையான் குடல் ஆகிய இடங்களில் வாழ்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசிஸ், ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ், ஸ்பிங்கோபியம் எனப் பல பேரினங்களில் இந்தத் திறன் பரவியுள்ளது.

லிக்னின் என்ற பெயரை 1813-இல் சூட்டியவர் சுவிஸ் தாவரவியலாளர் டி கண்டோல். லத்தீனில் லிக்னம் என்றால் மரம். பென்சீன் வளையம் கொண்ட அலகுகள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பதால், மாவுப்பொருளை அமைலேஸ் நறுக்குவதுபோல இதை ஒற்றை நொதியால் நறுக்க முடியாது.

நெடுங்காலம் இவ்வேலை முழுவதும் வெண்ணழுகல் பூஞ்சைகளின் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1983-இல் அப்பூஞ்சை ஒன்றில் லிக்னினைத் தாக்கும் லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதி கண்டறியப்பட்டதும் பாக்டீரியா மேலும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அது நியாயமல்ல. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் டான் கிராஃபோர்டு குழுவினர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் விரிடோஸ்போரஸை மக்காச்சோளத் தட்டையில் வளர்த்தனர். வளர்ப்பு நீரை வடித்து அமிலம் சேர்த்ததும் பழுப்பு நிற வண்டல் படிந்தது. தட்டையிலிருந்து பாக்டீரியா பெயர்த்தெடுத்துக் கரைத்த, லிக்னின் கலந்த பொருள் அது. கரைந்து வந்தது மட்டுமே லிக்னின் முழுதும் சிதைந்ததற்குச் சான்றாகாது என்றாலும், பாக்டீரியாவுக்கு லிக்னினைத் தாக்கும் வலு உண்டு என்பதை இது சுட்டியது.

ஜப்பானியக் காகிதக்கூழ் ஆலைக் கழிவில் கிடைத்த எஸ்ஒய்கே-6 என்ற ஸ்பிங்கோபியம் இன்னும் நுட்பமானது. லிக்னின் பிணைப்புகளில் ஏறத்தாழப் பாதி ஈதர் வகை. லிக்-டி என்ற நொதி அந்த ஈதர் துண்டுகளை ஆக்சிஜனேற்றம் செய்துவைக்க, லிக்-இ, லிக்-எஃப் ஆகியவை குளுட்டாதயோன் துணையுடன் பிணைப்பை அறுக்கின்றன. அறுந்த துண்டுகள் வனிலின் போன்றவையாகி, பிறகு வளையம் திறந்து, செல்லின் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் சேர்கின்றன. பூஞ்சைகளைப் போலவே பாக்டீரியாவிலும் லிக்னினைத் தாக்கும் பெராக்சிடேஸ் உண்டு: 2011-இல் ரோடோகாக்கஸ் ஜோஸ்டியில் டிப்-பி என்ற அத்தகைய நொதி அடையாளம் காணப்பட்டது.

நீரில் ஊறிய மரத்தில் சுரங்க பாக்டீரியா வேலை செய்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்சுவருக்குள் வளைந்து செல்லும் குடைவுகளும், அவற்றின் குறுக்கே பிறைபிறையாகக் கோழைப் படலங்களும் தெரியும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிப் பதப்படுத்திய மரத்தையும் இவை விடுவதில்லை.

தற்போது சூடோமோனாஸ் புட்டிடாவின் மரபணுக்களை மாற்றி, லிக்னின் துண்டுகளிலிருந்து நைலான் மூலப்பொருளுக்கு வழிசெய்யும் மியூகோனிக் அமிலம் ஆய்வகங்களில் எடுக்கப்படுகிறது.