நாணல் எழுதுகோல் சுமந்த அமானிதம்

ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்புவோர் மதீனாவிலிருந்து கொண்டுவரும் திருக்குர்ஆன் பிரதி நம்மவர் இல்லங்கள் பலவற்றில் உண்டு. பக்கத்துக்குப் பதினைந்து வரிகள், 604 பக்கங்கள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவோடு நிறைவுறும். அச்செழுத்துகளைக் கோத்து அமைத்த பிரதி என்று நம்மில் பலர் கருதுவர். அன்று, அது ஒரு மனிதர் கைப்பட எழுதியது.

அவர் உதுமான் தாஹா. 1934இல் சிரியாவின் ஹலப் பகுதியில் பிறந்தவர். 1970இல் அந்நாட்டு வக்ஃபு அமைச்சகத்துக்காகத் தம் முதல் முஸ்ஹஃபை எழுதினார். 1988இல் மதீனாவின் மன்னர் ஃபஹ்து திருக்குர்ஆன் அச்சகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். இடையே 1973இல் அவர் பெற்ற இஜாஸத்து ஒன்றே நாம் இங்குச் சிந்திக்க வேண்டியது. அதை வழங்கியவர் இஸ்தான்புலின் உஸ்தாத் ஹாமித்.

அக்கலையின் கருவிகள் எளியவை. எழுதுகோல் நாணல், ஈரானின் திஸ்பூல் நாணலுக்குத் தனி மதிப்பு உண்டு. முஸ்ஹஃபின் நுண்ணிய நஸ்க் எழுத்துக்கு ஜாவாத் தீவின் பனையின மரத்தில் கிடைக்கும் கரிய, கடினமான முள்ளை நாடுவர். அது எளிதில் தேயாது. எலும்பாலோ தந்தத்தாலோ ஆன சிறு தகட்டின் மீது கோலை வைத்து அதன் நுனியைச் சாய்வாக வெட்டுவர். அந்த நுனி இடும் புள்ளியே எல்லா எழுத்துக்கும் அளவுகோல்; அலிஃபின் உயரத்தையும் அப்புள்ளிகளாலேயே அளப்பர்.

விளக்குப் புகைக்கரியை வேலம்பிசினும் நீரும் சேர்த்து நெடுநேரம் அரைத்தால் மை. மைக்கூட்டில் கச்சாப் பட்டுநூல் திரளை இடுவர். கோல் வேண்டிய அளவே மை ஏற்க அது உதவும். தாளுக்கு முட்டை வெண்கருவும் படிக்காரமும் கலந்து பூசி, மெருகுக்கல்லால் தேய்த்து, ஓராண்டேனும் ஆறவிடுவர். மை அத்தாளினுள் ஊறாது மேலே நிற்பதால், பிழை நேர்ந்தால் ஈரத்தால் துடைத்துத் திருத்தலாம். இறைவசனத்தை எழுதுவோனுக்கு இது எத்துணைப் பெரிய உதவி!

கருவிகளை விலைக்கு வாங்கிவிடலாம். கைப்பழக்கத்தை வாங்க இயலுமோ? காரியத்தை எளிதாக்கித் தருமாறு இறைவனை வேண்டும் துஆவே மாணவரின் முதற்பாடம். அவர் எழுதிக் கொணர்வதன் கீழே உஸ்தாத் திருத்தம் எழுதிக் காட்டுவார். ஆண்டுகள் பல கழிந்து இஜாஸத்துப் பெற்ற பின்னரே தம் எழுத்தின் கீழ்த் தம் பெயரை இடலாம். ஹதீஸுக்கு ஸனது இருப்பது போல எழுத்துக்கும் ஸனது உண்டு.

அந்த ஸனதுக்கு ஒரு சோதனை வந்தது. துருக்கியில் 1928 நவம்பர் முதல் நாள் லத்தீன் எழுத்துச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு முதல் துருக்கி மொழி நூல்கள் அரபெழுத்தில் அச்சேற வழியில்லை. எழுத்தர்களின் பிழைப்பு ஒரே அடியில் சாய்ந்தது. 1891இல் தியார்பக்கிரில் பிறந்த ஹாமித், இஸ்தான்புலில் தம் பணிமனையில் பெயரட்டைகளும் விளம்பரச் சீட்டுகளும் அச்சிட்டு வாழ்ந்தார். ஆயினும் நாணலைக் கீழே வைக்கவில்லை. இரு முஸ்ஹஃபுகளை எழுதினார்; ஷிஷ்லி பள்ளிவாசலை அணிசெய்தார். நாடி வந்தவர்க்கெல்லாம் கற்பித்தார். பக்தாதின் ஹாஷிம் முஹம்மதும், துருக்கியின் ஹஸன் செலபியும், உதுமான் தாஹாவும் அவரிடம் இஜாஸத்துப் பெற்றோரே. 1982இல் மறைந்த அவர், உஸ்மானிய எழுத்து மரபின் மூலவரான ஷெய்கு ஹம்துல்லாஹ்வின் அடக்கத்தலத்தை அடுத்து, கராஜா அஹ்மத் கப்ருஸ்தானில் துயில்கிறார்.

ஒரு நாட்டின் சட்டம் எழுத்தை மாற்றலாம்; ஓர் உஸ்தாதின் விரல் அறிந்ததை அதனால் அழிக்க முடியவில்லை. பிழைப்புக்குப் பயன்படாத கல்வியை ஒருவர் தம் காலத்தோடு முடியவிடாது அடுத்த கையில் சேர்த்தார். அதன் பயனை நம் பிள்ளைகள் இன்று ரிஹாலில் விரித்து ஓதுகின்றனர். எழுதுகோலின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயத்தை அவர்கள் ஓதும்போது, அதனை எழுதிய கையையும், அக்கைக்குக் கற்பித்த கையையும் நம் துஆவில் சேர்ப்போமாக.