காமாக் கதிர் மூலங்கள்: பற்றவைப்புச் சோதனை

கொதிகலன், குழாய்த்தொடர், அழுத்தக்கலன் ஆகியவற்றின் வெல்டிங் இணைப்புகளில் வெளியே தெரியாமல் கிடக்கும் வெடிப்பு, காற்றுக்குமிழி, கசடு முதலியவற்றை ஃபிலிமில் பதியவைக்கும் கதிரியக்கப் பொருள்கள். இன்று பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பவை இரிடியம்-192, செலினியம்-75, கோபால்ட்-60 ஆகிய மூன்றே.

முதலில் வந்தது ரேடியம். 1920களின் பிற்பகுதியில், வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெல், போர்க்கப்பலுக்கான பெரிய எஃகு வார்ப்புகளை ரேடியக் கதிரால் படமெடுத்து உள்வெடிப்புகளைக் காட்டினார். அன்றைய எக்ஸ் கதிர்க் குழாய்கள் துளைக்கத் திணறிய தடிப்புகள் அவை. அரை ஆயுள் 1600 ஆண்டு என்பதால் வாங்கிய ரேடியம் தேய்வதே இல்லை எனலாம். ஆனால் 1 கிராமுக்கு ஏறத்தாழ 1 கியூரிதான் வலிமை. ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தவிர, அதிலிருந்து ஓயாமல் பிறக்கும் ரேடான் வாயு, உறையில் மயிரிழைக் கசிவு இருந்தாலும் வெளியேறிவிடும். 1946இல் ஓக் ரிட்ஜ் அணு உலையின் ஐசோடோப்புகள் வெளியாருக்குக் கிடைக்கத் தொடங்கியதும் ரேடியத்தின் காலம் முடிவை நெருங்கியது. இன்று ஏறத்தாழ 3 மி.மீ. அகல இரிடியம் வில்லைகளில் 100 கியூரி அடங்கிவிடுகிறது. இடையில் சீசியம்-137 சிறிது காலம் இடம்பெற்றது. ஆனால் அதன் குளோரைடு உப்பு நீரில் கரையக்கூடியது, உறை உடைந்தால் பரவும்.

தேர்வின் முதல் அளவுகோல் தடிப்பு. எஃகில் செலினியத்துக்கு 10–40, இரிடியத்துக்கு 20–100, கோபால்ட்டுக்கு 40–200 மி.மீ. என ஐஎஸ்ஓ 17636-1 தரத்தின் அடிப்படை நிலை வகுக்கிறது. தடிப்பு என்பது இங்கே கதிர் கடக்கும் மொத்த உலோகம். 6 மி.மீ. சுவருள்ள குழாயின் ஒரு புறம் மூலத்தையும் மறுபுறம் ஃபிலிமையும் வைத்தால் கணக்கு 12. அந்த 12 மி.மீட்டரையும் இரிடியத்தாலேயே எடுத்துத் தள்ளுவது களத்தில் பழகிப்போன வழக்கம். இரிடியம் கேமரா (மூலத்தை அடைத்துவைக்கும் கவசப் பெட்டி) கைவசம் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு நியாயமில்லை. கதிரின் ஆற்றல் மிகுந்தால் கறுப்பு வெளுப்பு வேறுபாடு குன்றி, மெல்லிய வெடிப்பு படத்தில் மறைந்துபோகும். இத்தகைய வேலைக்கு உரியது செலினியமே. அதன் அரை ஆயுளும் 120 நாள், இரிடியத்துக்கு 74தான். முதல் நாள் 1 நிமிடத்தில் எடுத்த படத்துக்கு அதே இரிடியம் 148 நாள் கழித்து 4 நிமிடம் கேட்கும்.

கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 ஆண்டு. ஆனால் அதன் கதிரைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 12 மி.மீ. ஈயம் வேண்டும், இரிடியத்துக்கு 5 போதும். ஆகவே இரிடியம் கேமராவை ஒருவரே தூக்கிச் செல்ல முடிகிறது, கோபால்ட் கேமராவுக்குத் தள்ளுவண்டி தேவைப்படுகிறது.

இந்தியாவில் இரிடியம் மூலங்களை வழங்குவது கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம். பயன்படுத்த உரிமம் தருவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்.