முக்குளத்து மருதிருவரும் 1801ஆம் ஆண்டுத் தன்னரசும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. அங்கு நரிக்குடியை அடுத்த முக்குளத்திற் பிறந்த மருது சகோதரர்கள் அரச மரபினர் அல்லர். 1772இல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், அரசி வேலுநாச்சியாருக்குத் துணைநின்று, ஐதர் அலியின் உதவியுடன் 1780இல் சிவகங்கையை மீட்டனர். ஆட்சிப் பொறுப்பும் நாளடைவில் அவர்கள் கைக்கே வந்தது.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. தப்பிவந்த ஊமைத்துரைக்குச் சின்ன மருது அடைக்கலம் தந்தார். அதுமுதல் சிவகங்கை, கம்பெனியை எதிர்த்து நின்ற தன்னரசாயிற்று. அதற்கு அரண்கள் இரண்டு: ஒன்று காளையார்கோவிற் காடு, மற்றொன்று மக்களின் இசைவு. அவ்விசைவை நாடியே ஜூன் 16இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் அது போருக்கு அழைத்தது.

சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை காண ஆகஸ்டு முழுவதும் முயன்றும் கர்னல் அக்னியூவின் படை தோற்றது. அதன்பின் கம்பெனி இரண்டாம் அரணைத் தாக்கியது. மருதிருவர் அரசுரிமை அற்றவர்கள் என்று பறைசாற்றி, செப்டம்பர் 12இல் சோழபுரத்தில் கௌரி வல்லபருக்குப் பட்டம் சூட்டியது. மருதிருவர் பக்கம் நின்றோர் பலர் பிரிந்தனர். அக்டோபர் 1இல் காளையார்கோவில் வீழ்ந்தது. 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர்.

அறிக்கை நாட்டின் பெயரால் மக்களை அழைத்தது. மக்கள் பலருக்கோ அன்று அரசு என்பது பரம்பரையாகவே இருந்தது. காட்டைப் பிளக்க இயலாத கம்பெனி, அந்த இடைவெளியின் வழியே உள்ளே புகுந்தது.