வெருகலுக்குக் கோதுமை வந்த வழி

மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலோடு கலக்கும் திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி, கோதுமை விளையும் நிலமன்று. ஆற்றோரத் தாழ்நிலங்களில் நெல்லும், காட்டைத் திருத்திச் செய்யும் சேனைகளில் குரக்கனும் சோளமும் சாமையுமே அங்கு வாழ்ந்த மக்களின் உணவாக இருந்தன. வடக்கே உள்ள கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் நெல்லையும் குரக்கனையும் பற்றி விரிவாக எழுதினார்; அவர் வாழ்ந்து கண்டது கண்டி நாடே எனினும், சேனைப் பயிர்ச்செய்கை இரு பகுதிகளுக்கும் பொதுவானது.

இந்த உணவு வரலாறு மருத்துவத்தோடு சந்திக்கும் இடம் சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, சிலரின் நோயெதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் நுண்விரல்களைச் சிதைத்துவிடுவதால், வயிற்றோட்டமும் இரத்தசோகையும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவும் ஏற்படுகின்றன. வாழ்நாள் முழுவதும் அத்தானியங்களைத் தவிர்ப்பதன்றி வேறு மருந்தில்லை. இரத்தசோகைக்குக் கொக்கிப்புழுவும் வறுமையும் காரணமாகக் கூறப்பட்டுவிடும் ஊர்களில் இந்நோயை ஐயுறுவதே கடினம்.

அரசின் முடிவுகளே இலங்கைத் தீவில் கோதுமையைப் பரப்பின. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, அரிசி கூப்பன் பங்கீட்டுக்கு உட்பட்டது. அதன் குறையை நிரப்பக் கோதுமை மாவும் பாணும் வந்தன. உலகப் போருக்குப் பின்னரும் அரிசி விலை அரசியலின் உயிர்நிலையாகவே இருந்தது. 1953இல் அவ்விலை உயர்த்தப்பட்டபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. வெளிநாட்டு உதவியாக வந்த மா 'அமெரிக்கன் மா' என்ற பெயரோடு தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தது. 1980இல் திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிமா நிறுவனத்தின் மாவாலை இயங்கத் தொடங்கியபின், நாட்டுக்கு வேண்டிய கோதுமை வெருகல் அமைந்த மாவட்டத்தின் துறைமுகத்திலேயே இறங்கி அரைபட்டது.

பெண்கள் இம்மாவைத் தங்கள் சமையலுக்கு இசைவித்த விதம் நுட்பமானது. நீர் பட்டவுடன் இறப்பரைப்போல் இழுபடும் மாவில் இடியப்பம் பிழியவோ பிட்டுக் குழைக்கவோ இயலாதாகையால், அதைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு கட்டியுடைத்து அரித்துப் பயன்படுத்தினர். அந்த இழுவைக்குக் காரணமே குளூட்டன்தான். அவிப்பது இழுவையை அடக்கினாலும் புரதத்தை அகற்றுவதில்லை. எனவே அரிசி மாப் பிட்டைப்போலவே தோன்றும் அவித்த மாப் பிட்டு, நோயாளிக்குப் பாணுக்கு நிகரான தீங்கைச் செய்யும். கோதுமை மாக் கலந்து விற்கப்படும் கூட்டுப் பெருங்காயம், சோற்றை மட்டுமே உண்பவரின் இரசத்திலும் அதைச் சேர்த்துவிடுகிறது.

நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதும், பாண் மீண்டபோது அவர்கள் நலிந்ததும், கோதுமையே காரணமென்று முன்பே ஐயுற்றிருந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேயின் கருத்தை உறுதிப்படுத்தின; 1950இல் அவர் அதை ஆய்வேடாக வெளியிட்டார். அங்கே போர் கோதுமையை விலக்கியது. வெருகலில் போர் அதைக் கொண்டுவந்தது. 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்த போரில், வெருகல் பகுதியின் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தபோது, வயலையும் சேனையையும் இழந்த அவர்கள் நம்பியிருந்த நிவாரணப் பங்கீட்டில் அரிசியோடு கோதுமை மாவும் இருந்தது. முகாமில் உணவைத் தெரிவுசெய்யும் உரிமை எவருக்கும் இல்லை.

சோறுண்ட மக்களிடையே இப்படிக் கோதுமை புகுந்ததன் பொருளை விளங்கிக்கொள்ள இந்திய ஆய்வொன்று உதவும். 2016இல் வெளியான அந்த ஆய்வு 23,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடமும் தென்னிந்தியாவில் 0.10 பேரிடமும் இருப்பதைக் கண்டது. நோய்க்கு இடமளிக்கும் மரபணு வகைகளோ இரு பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தன. பெரிதும் வேறுபட்டது அன்றாடம் உண்ணும் கோதுமையின் அளவே. உணவுக் கொள்கை எந்தத் தானியத்தைத் தட்டில் வைக்கிறதோ அதைப் பொறுத்தே உறங்கும் இயல்பு நோயாக மாறக்கூடும் என்பதால், சோற்று நாட்டினருக்கு இந்நோய் வராது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

அரசு இந்நோயாளருக்கு உதவ முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. இத்தாலி தன் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பாடசாலை, மருத்துவமனை உணவுக்கூடங்களில் குளூட்டனற்ற உணவை வழங்கப் பணித்தது. 2023இல் சிறுவர்களை முன்கூட்டியே சோதிக்கவும் சட்டமியற்றியது. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் வழங்கப்படும் திரிபோஷா என்னும் சத்துமா சோளத்தையும் சோயாவையும் முதன்மையாகக் கொண்டது என்பது, கோதுமையின்றியும் அரசு ஊட்டம் தர முடியும் என்பதற்குச் சான்று. வைத்தியரின் சீட்டைக் காட்டுபவருக்குக் கோதுமை மாவுக்கு ஈடாக அரிசியோ, சேனையில் விளைந்த குரக்கனின் மாவோ தரும் ஒரு விதியை நிவாரணப் பங்கீட்டில் சேர்ப்பதற்குப் புதிய ஆலையோ இறக்குமதியோ தேவையில்லை.