என்ஹெச்எஸ் நர்ஸ் வேலை: ஆண்டுக்கு 35 லட்சம் சரி... வார்டுக்குள்ள எப்படி இருக்கும்?

பிரிட்டனில் நர்ஸ் வேலை, ஆண்டுக்கு 35 லட்சம் ரூபாய் சம்பளம்னு வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீங்க. தொகை பொய் இல்லை. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது, எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது என்பதை விளம்பரம் சொல்லாது.

முதலாளி யாரு?

என்ஹெச்எஸ் எனப்படும் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ம் தேதி தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர் இதில் வேலை பார்க்கிறார்கள். ஆனால் நம்ம ஊர் ரயில்வே மாதிரி ஒரே நிர்வாகம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட 'ட்ரஸ்ட்'கள் இருக்கின்றன. ஆளை வேலைக்கு எடுப்பது, விசாவுக்கு ஸ்பான்சர் செய்வது, டியூட்டி போடுவது எல்லாமே அந்தந்த ட்ரஸ்ட்தான். சம்பள அட்டவணை பொதுவானது. மற்றதெல்லாம் நீங்கள் போய்ச் சேரும் ட்ரஸ்ட்டையும், அதிலும் குறிப்பாக அந்த வார்டு மேனேஜரையும் பொறுத்தது.

கையில் எவ்வளவு வரும்?

டாக்டர்கள் தவிர்த்த பெரும்பாலான ஊழியர்களுக்கு 2004-ல் ஒரே சம்பள முறை கொண்டுவரப்பட்டது. அதில் 'பேண்ட்' என்ற படிநிலைகள் உண்டு. பதிவு பெற்ற நர்ஸ் தொடங்குவது பேண்ட் 5. 2025-26 கணக்குப்படி இங்கிலாந்தில் பேண்ட் 5 சம்பளம் 31,049 பவுண்டில் தொடங்கி 37,796 பவுண்டு வரை போகும். விளம்பரம் சொல்லும் 35 லட்சம் இந்தத் தொடக்கச் சம்பளம்தான்.

வருமான வரி, தேசிய காப்பீடு, பென்ஷன் பிடித்தம் எல்லாம் போக மாதம் கையில் வருவது சுமார் 2,000 பவுண்டு. வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் இதற்குள்தான். லண்டனில் கூடுதல் படி உண்டு, ஆனால் வீட்டு வாடகை அதைச் சாப்பிட்டுவிடும்.

இரவு டியூட்டிக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதமும், ஞாயிறு மற்றும் அரசு விடுமுறை நாட்களுக்கு 60 சதவீதமும் கூடுதலாகக் கிடைக்கும். 'பேங்க் ஷிப்ட்' என்று ஒன்றும் இருக்கிறது. இது காசு போடும் பேங்க் இல்லை, ஆள் குறையும்போது கூடுதலாக எடுத்துச் செய்யும் டியூட்டி. ஊருக்குப் பணம் அனுப்பும் பலர் இதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள்.

10 வருட ஐசியூ அனுபவம் என்ன ஆகும்?

பலருக்கு மனசு நோகும் இடம் இதுதான். இந்தியாவில் ஐசியூ பொறுப்பையே பார்த்தவராக இருந்தாலும், அங்கே போய் 'ஆஸ்கி' எனும் செய்முறைத் தேர்வை முடித்து, என்எம்சி எனும் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பெறும் வரை அவர் நர்ஸ் இல்லை. அதுவரை பல ட்ரஸ்ட்களில் பேண்ட் 5-க்குக் கீழான சம்பளம்தான். வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் முறை தேர்வு எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் பதிவு முடிய வேண்டும் என்பது விசா விதி.

பதிவு வந்த பிறகும், ஊரில் ஆயிரம் முறை செய்த வேலையை, அதாவது ஐவி போடுவது, ஊசி வழியாக மருந்து ஏற்றுவது போன்றவற்றை, அந்த ட்ரஸ்ட்டின் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கினால்தான் தொட முடியும். பழைய அனுபவத்துக்காக பேண்ட் 5-க்குள்ளேயே ஒரு படி மேலே வைக்கச் சொல்லிக் கேட்கலாம். முடிவு ட்ரஸ்ட் கையில் இருந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

பேண்ட் 6-க்கு சீனியாரிட்டியில் போக முடியாது. காலியிடத்துக்கு விண்ணப்பித்து இன்டர்வியூ போக வேண்டும். அந்த இன்டர்வியூக்களில் வெள்ளையினத்தவர் தேர்வாகும் வாய்ப்பு அதிகம் என்பதை, என்ஹெச்எஸ் வெளியிடும் இனச் சமத்துவ அறிக்கைகளே காட்டுகின்றன.

வார்டில் ஒரு நாள்

வாரத்துக்கு 37.5 மணி நேரம் வேலை. பெரும்பாலான வார்டுகளில் 12 மணி நேரத்தைத் தாண்டும் நீண்ட ஷிப்ட். இடைவேளைக்குச் சம்பளம் கிடையாது. இப்படிப் பார்த்தால் நான்கு வாரத்தில் சுமார் 13 ஷிப்ட் வரும். லீவு நாள் நிறைய இருப்பது போலத் தெரியும், ஆனால் அதில் பாதி தூங்கவே சரியாகிவிடும்.

நம்ம ஊரில் நோயாளியுடன் ஒரு அட்டெண்டர் இருப்பார். அங்கே அப்படி இல்லை. குளிக்க வைப்பது, ஊட்டிவிடுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் நர்ஸும் உதவியாளரும்தான். 'சிஸ்டர்' என்று எல்லோரையும் கூப்பிட முடியாது, அங்கே அது பதவியின் பெயர். கையில் வளையலும் வாட்ச்சும் கூடாது.

பகலில் ஒரு நர்ஸுக்கு 8 நோயாளிகளுக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று நைஸ் அமைப்பின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் இங்கிலாந்தில் இது சட்டம் இல்லை. படுக்கை கிடைக்காமல் நோயாளிகளை நடைபாதையிலேயே வைத்துப் பார்ப்பது பற்றி ஆர்சிஎன் சங்கம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் 5,000-க்கும் மேற்பட்ட நர்ஸிங் ஊழியர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருந்தார்கள். 2022 டிசம்பர் 15 அன்று அந்தச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பளத்துடன் சேர்த்து ஆள் பற்றாக்குறையும் காரணமாகச் சொல்லப்பட்டது.

நல்லது இல்லாமல் இல்லை. சேர்ந்த உடனே ஆண்டுக்கு 27 நாள் சம்பள லீவு, அதற்கு மேல் அரசு விடுமுறை நாட்கள். பென்ஷனுக்கு நிர்வாகத்தின் பங்கு சம்பளத்தில் 23.7 சதவீதம். தவறு நடந்தால் எழுத்தில் பதிவு செய்ய முறை இருக்கிறது, புகாரைக் கேட்கத் தனி அலுவலர் ஒவ்வொரு ட்ரஸ்ட்டிலும் உண்டு.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியது

விசா அந்த ட்ரஸ்ட்டோடு கட்டப்பட்டது. வேலை போனால், பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும். அதனாலேயே வார்டில் பிரச்சினை என்றாலும் வாய் திறக்கத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். பாதியில் விலகினால் தேர்வுச் செலவு, பயணச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை சில ஒப்பந்தங்களில் இருக்கும். எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை வாங்கித் தர ஏஜென்சி உங்களிடம் கட்டணம் கேட்பது பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு விதிமுறைக்கு எதிரானது. 'நர்ஸ் இல்லைன்னா கேர் ஒர்க்கரா போகலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் ஒர்க்கர்களை எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. நர்ஸ்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், பல ட்ரஸ்ட்கள் வெளிநாட்டு ஆள்சேர்ப்பைக் குறைத்துவிட்டன. தமிழ்நாட்டில் இருப்பவர்கள், மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓஎம்சிஎல்-லில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.