நோய்க்குத் தமிழில் பெயர் தேடியவர்கள்

ஓசூரிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் இராயக்கோட்டை என்று ஒரு நிலையம் வரும். ஊருக்கு மேலே ஒரு மலைக்கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல், மேஜர் கௌடி என்பவரின் படை திப்புவின் வீரர்களிடமிருந்து பிடித்த கோட்டை அது. கீழே தக்காளிச் சந்தை. அச்சந்தையில் சிறிது நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் மாறி மாறிக் காதில் விழும். உடம்பு சுட்டால் ஒருவர் காய்ச்சல் என்பார், அடுத்தவர் ஜ்வரம் என்பார். ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. இன்னொருவருக்கு அதுவே 'சக்கரெ காயிலெ'. இரண்டு பேருக்கும் பொதுவான சொல் 'சுகர்'!

இவ்வூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவி, செவிலியர் பயிற்சிக்கோ ஆய்வுக்கூடப் பயிற்சிக்கோ போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்குப் போகலாம், 2022-இல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்ற கிருஷ்ணகிரிக்கும் போகலாம். எங்கே போனாலும் முதல் வாரத்திலேயே அவளை மிரட்டுவது நோயன்று, நோயின் பெயர். ஹைப்போகிளைசீமியா, ஹைப்பர்கிளைசீமியா என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும். ஒலியில் வேறுபாடு மிகச் சிறிது. பொருளிலோ ஒன்று மற்றதற்கு நேர் எதிர். முன்னது குருதியில் சர்க்கரை குறைந்துபோன நிலை. நோயாளி வியர்த்து நடுங்குவார், உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். பின்னது சர்க்கரை மிகுந்த நிலை. குறைந்தவருக்கு மிகுந்தவர் என்று எண்ணி இன்சுலின் செலுத்திவிட்டால் உயிரே போகும். மருத்துவச் சொற்களைப் புரிந்து படிக்க வேண்டும், உருப்போட்டுப் படிக்கக் கூடாது என்று ஆசிரியர்கள் கண்டிப்பது இதனால்தான்.

இச்சொற்கள் ஏன் இப்படி இருக்கின்றன? ஐரோப்பிய மருத்துவம் கிரேக்கர்களிடம் பிறந்து, இலத்தீன் வழியாக வளர்ந்தது. ஆங்கிலேய மாணவனுக்கும் இவை தாய்மொழிச் சொற்கள் அல்ல. அவனும் நம்மைப் போலவே முழி பிதுங்கியவன்தான். ஆயினும் ஒரு வசதி உண்டு. இவை பெரும்பாலும் துண்டுகளை ஒட்டிச் செய்த சொற்கள். ஹைப்போ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே, கிளைக் என்றால் இனிப்பு, ஈமியா என்றால் குருதியில். வால் பகுதியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. 'எக்டமி' வந்தால் வெட்டி எடுத்தல். முப்பது நாற்பது துண்டுகள் கைவசமானால் நூற்றுக்கணக்கான சொற்கள் தாமே பிரிந்து பொருள் சொல்லும்.

துண்டுகளைப் பிரித்துப் பார்த்தால் பழங்காலத்தவரின் பார்வையும் தெரியும். தசையைக் குறிக்கும் மசில் என்னும் சொல் இலத்தீனில் 'சுண்டெலி' என்பதிலிருந்து வந்தது. தோலுக்கடியில் தசை ஓடுவது எலி ஓடுவதுபோல் அவர்களுக்குத் தோன்றிற்று. நம்மவர் கண்ணில் பட்டது மீன். கெண்டை மீனைப் போல் திரண்டிருப்பதால் கெண்டைக்கால் ஆயிற்று என்பர். முழங்காலிலுள்ள பட்டெல்லாவுக்குச் 'சிறு தட்டு' என்று பொருள். நாமோ அதை முழங்காற்சில்லு என்கிறோம்.

இன்னும் வியப்பானது தமனியின் கதை. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் குருதியின்றிக் கிடக்கும். ஆகவே அவற்றில் ஓடுவது காற்று என்று பழைய கிரேக்கர் கருதினர்; ஆர்ட்டரி என்ற பெயரில் அந்தக் கருத்து ஒட்டிக்கொண்டது என்பது பழைய விளக்கம். அதில் குருதிதான் இருக்கிறது என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலென் காட்டிய பிறகும் பெயர் மாறவில்லை. நம்முடைய தமனி என்ற சொல்லோ வடமொழியில் 'ஊதுதல்' என்னும் வேரிலிருந்து வந்தது! அதைப் போலவே டயாபெட்டிஸ் என்றால் 'ஊடே வழிந்தோடுவது'. நீரிழிவு என்ற தமிழ்ச் சொல் வேறு என்ன சொல்கிறது? அதனுடன் சேரும் மெல்லிட்டஸ் தேனைக் குறிக்கும். மதுமேகத்தின் மதுவும் தேனே. நோயாளியைக் கூர்ந்து பார்த்தவர்கள் எந்நாட்டில் இருந்தாலும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் மேல்நாட்டு மருத்துவத்தையே தமிழில் சொல்லிக் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டதோடு நில்லாமல் செய்தும் காட்டினார் ஒருவர். அவர் பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822-இல் பிறந்தவர். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847-இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலும் பிறகு மானிப்பாயிலும் பணி செய்தார். வந்த மறு ஆண்டே மருத்துவ வகுப்புத் தொடங்கினார். முதலில் பயிற்றியது ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் தேறிய இளைஞர்கள் அரசாங்க வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட, கிராமங்கள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தன. தமிழில் படித்தவன் தமிழ் ஊரிலேயே தங்குவான் என்று கிறீன் கணக்கிட்டார். ஊருக்குப் போய்த் திரும்பிய பின், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அவர் உருவாக்கிய மருத்துவர் அறுபதுக்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழில் பயின்றவர்கள்.

கற்பிக்க நூல் வேண்டுமே! கிறீனும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்ப்பில் இறங்கினர். மகப்பேறு பற்றிய நூல் 1857-இல் வந்தது. அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' 1867-இல் வெளியாயிற்று. உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. இலண்டனில் அந்நூல் முதன்முதல் வெளிவந்தது 1858-இல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசியது. 1875-இல் வேதியியல் நூலான 'கெமிஸ்தம்'. 1873-இல் தாய்நாடு திரும்பிய பிறகும் அவர் கை ஓயவில்லை; வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழில் எழுதினார். உடலின் இயக்கத்தைச் சொல்லும் 'மனுஷ சுகரணம்' 1883-இல் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தேறும்.

சொல் தேடுவதில் அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடுவார். அங்கே அகப்படாவிட்டால் வடமொழி. அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வார்; கெமிஸ்தம் அப்படி வந்ததே. அங்காதிபாதம், சுகரணம் முதலியவை இன்று நம் நாவுக்குக் கடினமாக இருக்கலாம். உடற்கூற்றியல், உடலியங்கியல் என்று இப்போது எளிதாகச் சொல்கிறோம். ஆனால் வெறும் வயலில் முதல் ஏர் ஓட்டியவனுடைய சால் வளைந்திருக்கிறது என்று பழிப்பது முறையாகாது என்பது என் கருத்து. மேல்நாட்டாரின் சொற்களே அப்போது ஒழுங்குபட்டிருக்கவில்லை. ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் வழங்கி, உடற்கூற்றுப் பெயர்கள் ஐம்பதாயிரம் அளவுக்குப் பெருகிக் கிடந்தன. 1895-இல் பாசெல் நகரில் கூடிய அறிஞர்கள்தாம் அவற்றைச் சலித்து ஏறத்தாழ ஐயாயிரமாகக் குறைத்தார்கள். கிறீன் தம் கடைசி நூலை முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது.

இனி இராயக்கோட்டைப் பக்கத்துக்குத் திரும்புவோம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ஒருவர், ஓசூர்ப் பள்ளியிலும் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் படித்துச் சேலத்தில் வழக்கறிஞரானார். அவரே இராஜாஜி. இந்தப் பகுதி முழுவதும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965-இல்தான் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தனியாயிற்று. அரசியலில் இராஜாஜியை அறிந்தவர்கள் பலர். அவர் 1916-இல் தமிழ்ச் சாத்திரச் சொற்களுக்கென ஒரு சங்கம் கூட்டினார் என்பதை அறிந்தவர் சிலரே. தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கினார்கள். அந்தப் பட்டியலில் மருத்துவம் இல்லை. எனினும், மும்மொழி கலந்து பேசும் எல்லைப்புறத்தில் வளர்ந்து, கன்னட நாட்டுக் கல்லூரியில் படித்த ஒருவருக்கு இந்தக் கவலை வந்ததில் வியப்பில்லை. எல்லையில் இருப்பவனுக்குத்தான் சொல்லின் அருமை முதலில் தெரியும்.

அடுத்து 1936-இல் சென்னையில் விபுலாநந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் மாநாடு நடந்தது. பள்ளிப் பாடங்களுக்குரிய சொற்றொகுதி 1938-இல் நூலாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஊன்றிய விதைக்கும் சேலத்தில் ஊன்றிய விதைக்கும் மட்டக்களப்பில் பிறந்த அடிகள் நீர் வார்த்தார் எனலாம்.

தமிழ்ச் சொல் ஏன் வேண்டும், ஆங்கில ஒலியையே தமிழில் எழுதிக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பல இடங்களில் போதும். இன்சுலினுக்கு யாரும் வேறு பெயர் தேட வேண்டியதில்லை. ஆனால் இலியம் என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இது ஒரே ஓர் எழுத்தால் வேறுபடும் இரண்டு சொற்கள். ஒன்று இடுப்பின் எலும்பு. மற்றொன்று சிறுகுடலின் கடைப்பகுதி. தமிழ் எழுத்தில் அந்த ஓர் எழுத்து வேறுபாடும் மறைந்துவிடுகிறது. குறிப்பேட்டில் வெறுமனே இலியம் என்று எழுதினால் வலி எலும்பிலா குடலிலா? இடுப்பெலும்பு என்றும் பின்சிறுகுடல் என்றும் எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை.

ஆகவே அந்த இராயக்கோட்டை மாணவி தன் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் பிரித்துக்கொள்ளலாம். முதல் பத்தியில் புத்தகச் சொல்லும் அதன் துண்டுகளும். இரண்டாவதில் தமிழ்ச் சொல். மூன்றாவதில் நோயாளி வாயால் சொல்லும் சொல்: கிறுகிறுப்பு, நெஞ்சுக்கரிப்பு, வாந்திபேதி, ஜ்வரம், சக்கரெ காயிலெ. மூன்றாவது பத்தி எந்தப் பாடநூலிலும் முழுதாக அகப்படாது. அதைச் சந்தை நாளில் புறநோயாளர் வரிசை அருகே நின்று அவளேதான் நிரப்ப வேண்டும்.