ஸ்கேனர் தட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு

"புதையல் தோண்ட முற்பட்டவர்கள் கைது, ஸ்கேனர் கருவியும் பூசைப் பொருட்களும் மீட்பு." பத்திரிகை புரட்டுகிற எங்கட ஆக்களுக்கு இந்தத் தலைப்பு நல்லாப் பழக்கம். பூசைப் பொருட்களைப் பற்றி எழுத ஆக்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஸ்கேனரை, அதிலும் அடியில் தட்டு மாதிரி இருக்கிற கொயிலைப் பார்க்கிறேன். ஒருவர் எதைத் தேடுறார் என்பதை அந்தத் தட்டின் அளவே சொல்லிப்போடும்.

வேலை செய்யும் விதம் இலேசு. தட்டுக்குள் இருக்கிறது செப்புக்கம்பிச் சுற்று. அதில் மாறிமாறி ஓடும் மின்சாரம் காந்தப்புலம் ஒன்றை மண்ணுக்குள் இறக்கும். உள்ளே உலோகம் கிடந்தால் அதிலும் சின்ன மின்னோட்டம் சுழன்று மறுபுலம் ஒன்று எழும்பி வரும். அதைப் பிடித்துத்தான் கருவி சத்தம் போடுது.

இது முதலில் தேடியது தங்கத்தை இல்லை, தோட்டாவை. 1881 ஜூலை 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். டெலிபோன் புகழ் கிரகாம் பெல் உடம்புக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க ஒரு கருவியைக் கொண்டு போனார். கட்டிலில் இருந்த உருக்குக் கம்பிச்சுருள் சத்தத்தைக் குழப்பியது. வைத்தியரோ வலது பக்கத்தை மட்டும் தேட விட்டார், குண்டு இருந்தது இடது பக்கம். செப்டெம்பரில் கார்ஃபீல்ட் இறந்து போனார். கருவி சரியாக இருந்தாலும் எந்த இடத்தில் தேட விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

பிறகு யுத்தம் வந்தது. 1941இல் பிரித்தானியாவில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரி ஜோசப் கொசாட்ஸ்கி, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய மிதிவெடிக் கருவியைச் செய்தார். 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் அது பயன்பட்டது. காப்புரிமை எடுக்காமல் அதைப் பிரித்தானியப் படைக்குச் சும்மா கொடுத்துவிட்டார். நம்மட வடக்கு கிழக்கில் மிதிவெடி அகற்றுகிற பெண்கள் கையில் இருக்கிறதும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். தங்கம் தேடும் கருவிகளுக்குப் பேர்போன அவுஸ்திரேலிய மினலாப் நிறுவனம் மிதிவெடிக் கருவியும் செய்கிறது. இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: மண் சத்தம் போடும், தேடுற பொருளோ துண்டு உலோகம்.

இனி தட்டுக்கு வருவோம். பெரிய தட்டு ஆழம் பார்க்கும், ஆனால் சின்னத் தங்கத்துணிக்கையைத் தவறவிடும். கூடவே மண்ணில் இருக்கிற கனிமத்தையும் நிறைய அள்ளும். சின்னத் தட்டு ஆழம் போகாது, ஆனால் துணிக்கை கேட்கும். ஆற்றுமண்ணில் பொடித்தங்கம் தேடுறவர் பெரிய தட்டு வாங்கினால் காசு நட்டம். புதைத்த பெட்டியைத் தேடுறவருக்குச் சின்னத் தட்டு உதவாது. வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றின கொயில் கூம்பு மாதிரிக் கீழே பார்க்கும். இரண்டு 'டீ' எழுத்தை முதுகு மாற்றி ஒன்றின்மேல் ஒன்று வைத்த மாதிரிச் சுற்றினது கத்தி போல ஒடுங்கிப் பார்க்கும், அதனால் மண் தரும் தொந்தரவு குறையும்.

எங்கட கரைக்கு இந்த இரண்டாவதுதான் பொருந்தும். திருக்கோவில் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு மண் தெரியும். இல்மனைட். அதை அள்ள வந்தபோது சனம் வீதிக்கு இறங்கினதும் ஞாபகம் இருக்கும். புல்மோட்டையில் அதைத் தோண்டி விற்கவே அரச கூட்டுத்தாபனம் வைத்தார்கள். இரும்பு கலந்த இந்த மண்ணும் உப்புத்தண்ணியும் சேர்ந்தால் சாதாரண கருவி விடாமல் கத்தும்.

இன்னொரு சங்கதி. காப்பும் மோதிரமும் மூடிய வளையம் என்பதால் நல்லாக் கேட்கும். மெல்லிய சங்கிலி கேட்காது. கருவிக்கு அது ஒரு சங்கிலி இல்லை, சின்னச் சின்னக் கண்ணிகள் மட்டும். 2004 டிசம்பர் 26 கொண்டு போன நகைகளை நினைத்தால் இது சும்மா தொழில்நுட்பக் கதை இல்லை.

(கொயிலே இல்லாமல் தூரத்திலிருந்து தங்கத்தைக் காட்டும் என்று விற்கிற கருவிகளை நம்ப வேண்டாம். கொல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானில் இருந்து வந்த கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மக்கோர்மிக் 2013இல் பத்து வருட மறியலுக்குப் போனார்.)

1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தால் அனுமதியில்லாமல் புதையல் தோண்டுவது குற்றம். அது சரியும்கூட, கல்வெட்டையும் கட்டிடத்தையும் உடைத்துத்தான் அவர்கள் தங்கம் தேடுறார்கள். ஆனால் 1990இல் ஓடும்போது கிணற்றடியில் புதைத்த காப்பு தொல்பொருள் இல்லை. வன்னியில் தமிழீழ வைப்பகத்தில் சனம் வைத்த நகையும் இல்லை. யுத்தம் முடிந்து பதினாறு வருடம் கழித்து, 2025 மே மாதம், இராணுவம் தன்னிடமிருந்த அந்தப் பகுதித் தங்கத்தைப் பொலிசாரிடம் கொடுத்தது. அதைத் தேட எந்தத் தட்டும் தேவைப்படவில்லை. எந்த நகை எந்த வீட்டுக்குரியது என்று இனித்தான் பார்க்க வேண்டும்.